ஸ்டாப் அமுக்கியும் ஓடிய மிஷின்: ஓர் ஐஸ் உடைப்பு விபத்தின் ஆய்வு

பாக் நீரிணைப் பக்கம், இராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு உரியது. அதனால் ஐஸ் கம்பெனிகளில் ஞாயிறு, செவ்வாய், வெள்ளி சாயங்காலங்களில் தலை நிமிர நேரம் இருக்காது. மறுநாள் கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) போடும் படகெல்லாம் ஒரே பொழுதில் ஐஸ் ஏற்ற வந்து நிற்கும். இந்த நிகழ்வும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். அந்தக் கிழமைக்கும் விபத்துக்கும் என்ன தொடர்பு என்பது ஆய்வின் கடைசியில்தான் பிடிபட்டது.

எந்தத் தனி நிறுவனத்தையும் இது குறிக்கவில்லை. இந்தக் கரையில் ஐஸ் உடைக்கும் இடங்களில் உள்ள அமைப்பையும் பழக்கத்தையும் வைத்து, ஆய்வு செய்யும் முறையைக் காட்டுவதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு. மின்சுற்று, சட்டப் பிரிவு, இழப்பீட்டுக் கணக்கு எதுவும் கற்பனை அல்ல.

முதலில் எழுதப்பட்டது

விபத்து நடந்த இரவே கணக்கர் ஒரு தாளில் எழுதிவைத்தது இவ்வளவுதான்: "லோடுமேன் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டதால் வலது கை விரல்கள் அடிபட்டன. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார்."

இரண்டே வாக்கியம். அதில் மூன்று இடம் தவறு. கை உள்ளே போனபோது மிஷின் ஓடவில்லை, நின்றிருந்தது. விரல்கள் 'அடிபடவில்லை', சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் துண்டாகிவிட்டன. 'கவனக்குறைவு' என்பதைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை, அது எழுதியவரின் முடிவு. விபத்து அறிக்கையின் முதல் தாளில் கண்டது, கேட்டது, அளந்தது மட்டும்தான் இருக்க வேண்டும். காரணம் என்று ஒரு சொல்லை அங்கே எழுதிவிட்டால், பிறகு வருபவரெல்லாம் அந்தச் சொல்லுக்குச் சாட்சி தேடத் தொடங்கிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் வேறொரு கதை பதிவானது. கூடப் போனவர் பதற்றத்தில் "ஐஸ்ல வழுக்கி விழுந்துட்டாரு" என்று சொல்ல, ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலில்) அதுவே ஏறியது. ஒரே விபத்துக்கு இப்போது இரண்டு ஆவணம், இரண்டு காரணம். இழப்பீடு கேட்கும் நாளில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது இந்த முரணைத்தான். ஆகையால் காயம்பட்டவரோடு போகிறவர் சொல்ல வேண்டியது இவ்வளவே: எந்த இடத்தில், எந்த மிஷினில், எத்தனை மணிக்கு, எந்தக் கை. மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

மிஷினும் இடமும்

ஐஸ் கம்பெனி என்றதும் பார்வையிட வருபவர்கள் நேரே அம்மோனியா கம்ப்ரஸர் பக்கம் போவார்கள். அது நியாயம்தான். ஆனால் உடைக்கும் மிஷின் வெளியே, கொட்டகைக்குக் கீழே, யாருடைய பார்வையிலும் படாமல் நிற்கும். இங்கேயும் அப்படித்தான்.

50 கிலோ பார் (ஐஸ் பாளம்) ஒன்றைக் கொக்கியால் இழுத்து வந்து, பாதியாகப் பிளந்து, மேல்வாய் வழியாகத் தள்ளுவார்கள். உள்ளே இரும்பு உருளை. அதைச் சுற்றிலும் கூர்ப்பற்கள். 7.5 குதிரைத்திறன் மோட்டார், வி பெல்ட் மூலம் உருளையைச் சுழற்றும். கீழ்வாயில் பிளாஸ்டிக் பெட்டியை வைத்தால் நொறுங்கிய ஐஸ் கொட்டும். மேல்வாய் 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். வாயின் விளிம்பிலிருந்து பற்களின் நுனிவரை ஸ்டீல் டேப்பால் அளந்ததில் 55 செ.மீ. வளர்ந்த ஆளின் கை தோளிலிருந்து விரல்நுனிவரை ஏறத்தாழ 70 செ.மீ. இருக்கும். குனிந்து கை விட்டால் பல்லைத் தொடலாம். கணக்கு அவ்வளவு எளிது. ஐ.எஸ்.ஓ. 13857 என்ற மிஷின் பாதுகாப்புத் தரநிலைப்படி 4 செ.மீ.க்கு மேல் 12 செ.மீ. வரையுள்ள திறப்புக்கே 85 செ.மீ. தூரம் வேண்டும். அதைவிட அகலமான வாய்க்குத் தூரத்தை மட்டும் நம்பவே முடியாது, மூடி வேண்டும்.

மிஷினோடு வந்த கம்பி வலைமூடி பின்சுவரில் சாய்த்துவைக்கப்பட்டிருந்தது. அதன் கீல்கள் துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தன. மேலே சிலந்தி வலை. அன்று காலையில் கழற்றியது அல்ல, வெகுநாளாய்க் கிடப்பது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பாதி பார் மூடிக்குள் நுழையாது, கால் பாராக உடைக்க வேண்டும், அதற்கு நேரம் இரட்டிப்பாகும்: கழற்றியதற்குக் காரணம் அதுதான்.

நடந்தது, நிமிடக் கணக்கில்

மணிக்கணக்கை யாருடைய நினைவிலிருந்தும் எடுக்கவில்லை. கரண்டு போன நேரமும் வந்த நேரமும் துணை மின்நிலையப் பதிவேட்டில் இருக்கும். ஆம்புலன்ஸுக்குப் பேசியது செல்போனில் இருக்கும். எதிர்க்கடை கேமரா இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதன் கடிகாரம் எத்தனை நிமிடம் பிந்துகிறது என்று முதலில் சரிபார்க்க வேண்டும். இந்த மூன்றையும் ஆணியாக அடித்துக்கொண்டு, ஆட்கள் சொன்னதை இடையில் கோத்ததில் கிடைத்த வரிசை இது.

மிஷினை வழக்கமாக ஓட்டுபவர் அன்று மதியமே ஒரு கேதத்துக்கு (துக்க வீட்டுக்கு) போய்விட்டார். அவர் இடத்தில் மேஸ்திரி நிறுத்தியது ஒரு லோடுமேனை, வயது 30. மாலை 6.52க்குக் கரண்டு போயிற்று. பாதி பார் ஒன்று உருளைக்கும் வாய்ச்சுவருக்கும் நடுவில் சிக்கி நின்றுவிட்டது. கொட்டகை விளக்கும் மோட்டாரும் ஒரே இணைப்பு என்பதால் இருட்டு. வெளியே இரண்டு படகின் ஆட்கள் பெட்டியோடு காத்திருந்தார்கள். "என்னண்ணே, ராத்திரி பூரா நிக்கணுமா?" என்று ஒருவர் கேட்டதை மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

லோடுமேன் சிவப்புப் பட்டனை அமுக்கினார். உடனிருந்தவர் செல்போன் வெளிச்சம் காட்டினார். கரண்டு வருவதற்குள் சிக்கிய கட்டியை எடுத்துவைத்தால் நேரம் மிச்சம் என்று வலது கையை விட்டு அசைத்தார். 7.09க்குக் கரண்டு வந்தது. விளக்கு எரிந்ததும் உருளை சுழன்றதும் ஒரே நொடி. உடனிருந்தவர் மெயின் சுவிட்சுக்கு ஓடினார். அது 9 மீட்டர் தள்ளி, எதிர்ச்சுவரில், அடுக்கிய காலிப் பெட்டிகளுக்குப் பின்னால். அவர் அணைத்த பிறகும் உருளை தன் வேகத்தில் சில சுற்றுச் சுற்றித்தான் நின்றது.

துண்டான விரல்களைப் பற்றி

இது ஐஸ் கம்பெனிக்கென்றே சொல்ல வேண்டியது. சுற்றிலும் ஐஸ் இருப்பதால், துண்டான விரலை எடுத்து நேராக நொறுங்கிய ஐஸில் புதைத்துக் கொடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் செய்யக்கூடாதது. ஐஸ் நேராகப் பட்டால் தசை உறைந்து இறந்துவிடும். சுத்தமான துணியைச் சலைன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதில் விரலைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும். பாத்திரத்துத் தண்ணீர் விரலில் படக்கூடாது, விரல் ஐஸைத் தொடவும் கூடாது. இப்படிக் குளிர்ச்சியில் வைத்தால் ஏறத்தாழ 24 மணி நேரம்வரையும், இல்லாவிட்டால் 12 மணி நேரம்வரையும் ஒட்டவைக்க முயல மருத்துவருக்கு வாய்ப்புண்டு. மண்டபத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 150 கி.மீ.; நேரம் போதும். ஆனால் ஐஸ் மிஷின் வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய விரல் ஒட்டுவது அரிது. அதை முடிவு செய்வது மருத்துவர்; கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. மீதிக் கையில் ரத்தம் நிற்க, சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை மார்புக்கு மேலே தூக்கிவைத்தால் போதும். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்

கரண்டு வந்தால் விளக்கு எரியலாம், மோட்டார் தானாக ஓடக்கூடாது. மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் வைத்திருக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரின் வேலையே பாதி அதுதான். பச்சைப் பட்டனை அமுக்கினால் காயிலுக்குக் கரண்டு போய், மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்சான கான்டாக்டர் ஒட்டும். ஒட்டியவுடன் பக்கத்திலுள்ள சிறிய தாங்கு கான்டாக்ட் மூடிக்கொண்டு, விரலை எடுத்த பிறகும் காயிலுக்கு வழி கொடுக்கும். கரண்டு போனால் கான்டாக்டர் விடுபடும், தாங்கு கான்டாக்டும் திறக்கும். திரும்ப யாராவது பச்சையை அமுக்கினால்தான் ஓடும். இங்கே யாரும் அமுக்கவில்லை. அப்படியானால் எப்படி ஓடியது?

மெயினை அணைத்து, பெட்டியைத் திறந்து பார்த்ததும் விடை கிடைத்தது. பச்சைப் பட்டன் உள்ளே போய் நின்றபடி இருந்தது. பட்டனுக்கும் வளையத்துக்கும் நடுவில் பனை மட்டைச் சிம்பு ஒன்று, சுண்டுவிரல் நகத்தளவு, செருகி, மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப் மூன்று அடுக்கு. அடியடுக்கு வெளுத்துப் பசை போயிருந்தது, மேலடுக்கு புதிது. ஒரு தடவை செய்த காரியமல்ல, மூன்று முறை ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே தாங்கு கான்டாக்டின் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒயர் பெட்டியின் மேல்பக்கமாக நுழைந்திருந்தது. அந்தத் துளை வழியே உப்புக்காற்றும் ஈரமும் இறங்கியிருந்தன. மல்டிமீட்டரை வைத்துக் கையால் மூடிப் பார்த்தும் தொடர்ச்சி காட்டவில்லை.

கான்டாக்ட் களிம்பேறியதும், பச்சையை விட்டவுடன் மோட்டார் நின்றுவிடும் நிலை வந்தது. அமுக்கியே நிற்க ஆள் கிடையாது. சிம்பைச் செருகினார்கள், ஓடியது. யார் முதலில் செருகினார் என்று தேடுவதில் ஒரு நாள் வீணானது. அது தேவையே இல்லாத கேள்வி.

சிம்பு செருகிய ஸ்டார்ட்டரில் இன்னொரு பொறியும் இருக்கிறது. சிவப்புப் பட்டன் பச்சைக்கு முன்னால், தொடரில் நிற்பது. அமுக்கியிருக்கும்வரை மோட்டார் நிற்கும். விட்டால் பச்சை ஏற்கெனவே மூடியிருப்பதால் திரும்ப ஓடும். வழக்கமாக ஓட்டுபவருக்கு இது தெரியும். அவர் எப்போதும் எதிர்ச்சுவருக்கு நடந்து மெயினைத்தான் அணைப்பார். அந்த அறிவு அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அன்று அவரோடு கேதத்துக்குப் போய்விட்டது.

இங்கேதான் விசாரணை திரும்பியது. "நான் ஸ்டாப் அமுக்கினேன்" என்று லோடுமேன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அமுக்கினால் எப்படி ஓடும் என்பது எல்லோருடைய வாதம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிச் சோதித்தோம். சிவப்பை அமுக்கினால் நின்றது, விட்டால் ஓடியது. மெயினை அணைத்து, சிவப்பை அமுக்கி விட்டு, மெயினைப் போட்டால், ஓடியது. அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை. கரண்டு இல்லாத நேரத்தில் அமுக்கியதால், பட்டன் வேலை செய்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

இந்தச் சிம்பு கிடைத்ததும் தற்செயல்தான். விபத்து நடந்து நாற்பது நிமிடத்தில் மிஷினைக் கழுவி, மீதி ஐஸை உடைத்து ஏற்றிவிட்டார்கள். சிம்பு இல்லாமல் மிஷின் ஓடாது என்பதால்தான் அது அங்கேயே இருந்தது. காயம்பட்டவரை அனுப்பியதும் செய்ய வேண்டியது: மெயினை அணைத்துப் பூட்டு, எதையும் தொடுமுன் சுவிட்சுகளின் நிலை, மூடியின் இடம், தரை எல்லாவற்றையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடு, கழற்றிய ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு நாள், நேரம், எடுத்தவர் பெயர் எழுது. படகுக்கு ஐஸ் வேறு கம்பெனியில் கிடைக்கும்.

சாட்சிகளைக் கேட்ட முறை

தனித்தனியாக, மிஷின் பக்கத்திலேயே நிற்கவைத்து, முதலாளியும் மேஸ்திரியும் காதுகேட்கும் தூரத்தில் இல்லாமல். "ஏன் செஞ்சீங்க?" என்று கேட்டால் சமாதானம்தான் வரும். "கரண்டு போனப்ப எங்க நின்னீங்க, அடுத்து என்ன செஞ்சீங்க, கைல என்ன இருந்துச்சு" என்று கேட்டால் படம் வரும். இப்படிக் கேட்டதில்தான் ஓர் ஆள் போகிற போக்கில் சொன்னார்: "இது தானா ஓடுறது புதுசில்லண்ணே. மழைக்கு முந்தி ரெண்டு தடவ ஓடிருக்கு. பக்கத்துல யாருமில்ல."

இரண்டு தடவை. எங்கேயும் எழுதப்படவில்லை. அந்தக் கம்பெனியில் இருந்த நோட்டு பார் கணக்கு நோட்டு ஒன்றுதான்.

காரணங்கள் இப்போது வரிசையாக நின்றன: களிம்பேறிய கான்டாக்ட், செருகிய சிம்பு, பயனற்ற சிவப்புப் பட்டன், கழற்றிய மூடி, எட்டாத மெயின், பழகாத ஆள். கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் பல மாதமாக அங்கேயே இருந்தவை. அப்படியானால் ஏன் அன்று? இங்கேதான் செவ்வாய்க்கிழமை வருகிறது. மறுநாள் படகு போகாத மாலையில் கரண்டு போனால் ஆட்கள் டீ குடிக்கப் போவார்கள். கட்டி தானாக உருகி விழும். செவ்வாய் மாலையில் அந்தப் பதினேழு நிமிடத்தை உட்கார்ந்து கழிக்க முடியாது. ஸ்டார்ட்டரைப் பழுதுபார்க்க ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டுமே என்று தள்ளிப்போட்டதும் இதே நெருக்கடியால். ஆனால் புதன் பகலிலும் வியாழனிலும் மிஷின் பாதி நேரம் சும்மா நின்றது என்பதைப் பார் கணக்கு நோட்டே காட்டியது.

அறிவிப்பும் இழப்பீடும்

விபத்தால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள 2020 பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 10ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடம் 'தொழிற்சாலை' ஆவதற்கான ஆள் எண்ணிக்கை 10லிருந்து 20 ஆகிவிட்டதால், நமக்கு இனி அறிவிக்கும் வேலை இல்லை என்று சிறிய ஐஸ் கம்பெனிகள் நினைப்பதுண்டு. தவறு. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் அந்தக் கடமை உண்டு.

'கவனக்குறைவு' என்று எழுதினால் பணம் கொடுக்க வேண்டியிருக்காது என்ற நம்பிக்கையும் உண்டு. 1923 பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொழிலாளியின் கவனக்குறைவு ஒரு தடையே அல்ல. குடிபோதை, பாதுகாப்புக்கென்று தந்த கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவைதான் தடை. அதுவும் மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் அந்தத் தடையும் எடுபடாது. துருப்பிடித்த கீலும் சிலந்தி வலையும் எவ்வளவு பெரிய சாட்சி என்பது இங்கே தெரியும். மூடியைக் கழற்றியது இந்த லோடுமேன் அல்ல.

"அவன் எங்க ஆளு இல்ல, மேஸ்திரி ஆளு" என்பதும் நிற்காது. முதன்மை முதலாளி (வேலை யாருக்காக நடக்கிறதோ அவர்) முதலில் கொடுத்துவிட்டு, பிறகு காண்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று 1923 சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னது.

1923 சட்டத்தின்படி கணக்கு இப்படிப் போகும். மாதக் கூலி 12,000 ரூபாய். அதில் 60 சதவீதம் 7,200. சட்ட அட்டவணையில் முப்பது வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 14,97,456. ஒரு கையில் மூன்று விரல் இழப்புக்கு அட்டவணையில் 30 சதவீதம். ஆக 4,49,236 ரூபாய் 80 காசு. விரல் முழுதாகப் போகாமல் ஒவ்வொன்றிலும் இரண்டு கணு மட்டும் போனதாகப் பதிவானால் சுட்டுவிரலுக்கு 11, நடுவிரலுக்கு 9, மோதிர விரலுக்கு 6 என்று கூட்டி 26 சதவீதம்தான். வித்தியாசம் ஏறத்தாழ 59,900 ரூபாய். டிஸ்சார்ஜ் சீட்டில் "விரல் காயம்" என்று மட்டும் இருந்தால் இந்தத் தகராறு வரும். எந்த விரலில் எந்தக் கணுவரை போனது என்று எழுதி வாங்குவதும், எக்ஸ்ரேயைப் பத்திரப்படுத்துவதும் முக்கியம். தொகை ஒரு மாதத்துக்குள் கட்டப்படாவிட்டால் 12 சதவீத வட்டி சேரும் என்றது 1923 சட்டம். "பேசி முடிச்சுக்கலாம்" என்று ஸ்டாம்ப் பேப்பரில் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது. 1923 சட்டத்தின் 17ஆம் பிரிவு அதை வெறும் தாளாக்கியது. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவருக்குப் பலன் இ.எஸ்.ஐ. வழியாக வரும்.

மாற்றியது

புதிய ஸ்டார்ட்டர், தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.65 பெட்டிக்குள். ஒயர் கீழ்ப்பக்கமாக, துளையை இறுக அடைக்கும் ரப்பர் கிளாண்டு வழியே நுழைகிறது. மிஷினிலிருந்து கையெட்டும் தூரத்தில் பூட்டக்கூடிய ஐசொலேட்டர் (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்): பூட்டு ஒன்று, சாவி ஒன்று, அது கை விடுகிறவர் இடுப்பில். சிக்கிய கட்டியைத் தள்ள 1.2 மீட்டர் மரக்கழி. இரும்புக் கம்பி வேண்டாம், பல்லில் மாட்டினால் ஆள்மேல் எறியும். பாதி பார் நுழையும் அளவுக்குப் பெரிய கூண்டும் கீல்மூடியும் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்தது. மூடி திறந்தால் மோட்டார் நிற்கும்படி லிமிட் சுவிட்ச். உருளை ஓய்ந்து நிற்கும் நேரத்தை அளந்து, அதுவரை மூடிக்குள் கை போகாதபடி கூண்டை நீட்டியிருக்கிறார்கள்.

திங்கள்தோறும் காலையில், ஐஸ் இல்லாமல், இரண்டு சோதனை. ஓடவிட்டுச் சிவப்பை அமுக்கி விரலை எடுத்தால் நின்றபடியே இருக்க வேண்டும். ஓடும்போது மெயினை அணைத்துத் திரும்பப் போட்டால் தானாக ஓடக்கூடாது. இரண்டும் சேர்ந்து அரை நிமிடம். பார் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறார்கள். தனி நோட்டு போட்டால் காணாமல் போய்விடும்.

ஐந்தாவது வாரம் மூடியைத் திறந்தும் மோட்டார் நிற்கவில்லை. லிமிட் சுவிட்சின் நெம்புகோல் உப்பில் இறுகியிருந்தது. மூடி மூடியிருந்தாலும் மிஷின் ஓடாமல் தொந்தரவு கொடுத்ததால், அதை அமுக்கியபடி கயிற்று நார் ஒன்றால் கட்டியிருந்தார்கள். நார் இன்னும் வெளுக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது அசையும் பாகம் வெளியில் இல்லாத, முழுதாக அடைத்து மூடிய காந்த சுவிட்ச் இருக்கிறது. மூடியைத் திறந்து பார்ப்பது மூன்றாவது சோதனையாக நோட்டில் சேர்ந்தது.